வாசல் தவளையும் நீலச் சிலந்தியும்

மழைக்காட்டில் ஒரு நாங்கு மரம். மரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு பெரிய சிலந்தி. பொந்து வாசலில் ஒரு சின்னத் தவளை.

சிலந்தியின் பெயர் பேச்சி. காலை விரித்தால் ஒரு மனிதனின் உள்ளங்கை அளவு இருப்பாள். உடம்பெல்லாம் ரோமம். தவளையின் பெயர் உப்பிலி. அவன் ஒரு கொட்டைப்பாக்கு அளவு.

அவ்வளவு பெரிய சிலந்தி இவ்வளவு சின்னத் தவளையை ஏன் தின்னவில்லை? அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. சிலந்தி முட்டை என்றால் எறும்புக்கு உயிர். எறும்பை விரட்டப் பெரிய சிலந்தியால் முடியாது, அது காலிடுக்கில் புகுந்து போய்விடும். தவளைக்கோ எறும்புதான் சாப்பாடு. அதே நேரம் தவளையைத் தின்னப் பாம்புக்குட்டி வரும், பல்லி வரும். இரண்டுமே பெரிய சிலந்தியைக் கண்டால் ஓடும். ஆகவே தவளை வாசலில் இருந்து எறும்பைத் தின்னும். சிலந்தி உள்ளே இருந்து தவளையைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் காட்டில் பாதித் தவளைகளுக்கு இதுதான் பிழைப்பு.

இதில் ஒரே ஒரு சட்டம். வாசல் தவளை வெளியே பார்த்துத்தான் உட்கார வேண்டும். திரும்பக் கூடாது. திரும்பின நேரத்தில் எறும்பு நுழைந்துவிடும்.

உப்பிலி சட்டத்தை மீறியதே இல்லை. பேச்சி பின்னால் இருந்து ஒரு முன்னங்காலை அவன் முதுகில் வைத்திருப்பாள். அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இருட்டின பிறகு அவள் இரை தேட வெளியே போவாள். அந்த நேரத்தில் மரம், இலை, சிலந்தி எல்லாமே கறுப்பு. எனவே பேச்சி கறுப்பு என்று உப்பிலி நினைத்திருந்தான்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். பேச்சி நீலம். மயில் கழுத்து நீலம். கதை முடிகிற வரை இதை மூடி வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம், ஆனால் அது எதற்கு? பேச்சிக்கே தன் நிறம் தெரியாது. சிலந்திக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டம். காலால் தொட்டுத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும். உப்பிலிக்குக் கண் நன்றாகத் தெரியும். அவன்தான் பார்க்கவில்லை.

மழை பிடித்த முதல் வாரம் தவளைகள் எல்லாம் பாறைக் குட்டையில் கூடுவது வழக்கம். உப்பிலியும் ஒரு நடை போய் வந்தான். அங்கே மாசானம் என்று ஒரு தவளை. மூங்கில் பொந்தில் இருக்கிற சிலந்திக்கு வாசல் பார்க்கிறவன். வாசல் தவளைகள் தங்கள் சிலந்தியை அக்கா என்றுதான் சொல்லும். மூங்கிலின் மேல்பக்கம் ஒரு கீறல் உண்டு, அதன் வழியே வெளிச்சம் விழும்.

"எங்கக்காவுக்குக் காலுக்கு அடியில மஞ்சப் பட்டை," என்றான் மாசானம். "தூக்கினாப் பளிச்சுன்னு இருக்கும். பாம்பே மிரண்டு போவும். உங்கக்கா எப்படிலே?"

"கறுப்பு," என்றான் உப்பிலி.

"கறுப்புல என்ன? கோடா, புள்ளியா?"

"சும்மா கறுப்பு."

"அப்ப கரிக்கட்டைக்குக் காவல் கெடக்கேன்னு சொல்லு."

குட்டை முழுக்கச் சிரிப்பு. உப்பிலியும் சிரித்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் 'கரிக்கட்டை' என்கிற சொல் அவன் கூடவே வந்தது.

மறுவாரம் இரண்டு மனிதர்கள் வந்தார்கள். முதுகில் மூட்டை, கழுத்தில் கேமரா, கையில் மெல்லிய குச்சி. நான்கு நாள் காட்டைப் புரட்டினார்கள். கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள், பட்டையை விலக்கிப் பார்த்தார்கள், ஒவ்வொரு பொந்திலும் டார்ச் அடித்தார்கள். நாங்கு மரத்துக்கும் வந்தார்கள். வெளிச்சம் உப்பிலியின் முகத்தில் அடித்தது. பயத்தில் மூச்சை இழுத்து உடம்பை ஊதினான். பொந்து வாய் முழுக்க அவனே அடைத்துக்கொண்டான்.

"தவளை சார். வேற ஒண்ணும் இல்ல," என்றான் ஒருவன். போய்விட்டார்கள்.

"யாருலே?" என்று உள்ளே இருந்து பேச்சி கேட்டாள்.

"யாரோ," என்றான் உப்பிலி.

அவர்கள் மலையிறங்கின பிறகு கரிச்சான் குருவி வந்து எதிர்க் கிளையில் உட்கார்ந்தது. அதற்கு ஒரு வியாதி. கேட்டதை எல்லாம் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்லும்.

"'நாலு நாள் வீணாப் போச்சு சார். நீலச் சிலந்தி இந்த மலையிலேயே இல்ல சார்,'" என்று மனிதக் குரலில் புலம்பிக் காட்டியது. பிறகு தன் குரலுக்கு வந்தது. "கேட்டியா உப்பிலி? அவனுக தேடினது நீலச் சிலந்தியை. ஒருத்தன் அழுதே போட்டான்."

"நீலத்துல சிலந்தி இருக்கா?"

"இருக்காவா? நானே பாத்திருக்கேன். போன வருசம், காலை வெயிலு, யானைப்பாறைப் பக்கம். பாறையில ஏறிக்கிட்டு இருந்துச்சு. என்னமோ வானத்துலேர்ந்து ஒரு துண்டு கழண்டு விழுந்து, அது காலு முளைச்சு நடக்கிற மாதிரி. கொத்தலாம்னு போனவன் கொத்தாம நின்னுட்டேன். நான் எதையும் கொத்தாம விட்டதில்ல, தெரியும்லா?"

உப்பிலிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எறும்பு மூக்குக்கு நேராகப் போனது. பேசாமல் விட்டான். எங்கேயோ ஒரு நீலச் சிலந்தி இருக்கிறாள். அவள் வாசலில் வேறு எவனோ உட்கார்ந்திருக்கிறான். அவன் கொடுத்து வைத்தவன். மனிதர்களே நான்கு நாள் அலைந்து அழுதுவிட்டுப் போகிறார்கள் என்றால் அந்த வாசல் எப்பேர்ப்பட்ட வாசலாக இருக்கும்! கண்ணை மூடினால் நீலம். திறந்தால் மழை, பச்சை இலை, எறும்பு.

பத்து நாள் இப்படிப் போனது. பதினோராவது நாள் காலையில் அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒரு விசயம்."

"சொல்லு."

"கொஞ்சம் வெளிய போயிட்டு வரணும்."

"போயிட்டு வா. எறும்பு நடமாட்டம் இப்பக் குறைச்சல்தானே."

"இல்லக்கா. மூணு நாலு நாள் ஆவும்."

முதுகில் இருந்த கால் லேசாக அசைந்தது. "எதுக்கு?"

"நீலச் சிலந்தியைப் பாக்கணும்."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துருவேன்."

பொய். நீலச் சிலந்தி கிடைத்தால் அவள் வாசலிலேயே இருந்துவிடுவது என்று அவன் முடிவு செய்து பத்து நாள் ஆகிறது. பொய் சொன்னதும் அவன் தொண்டை படபடவென்று துடித்தது. பேச்சியின் கால் அவன் முதுகில்தான் இருந்தது. ஒரு வண்டு பத்தடி தள்ளி நடந்தாலே அந்தக் காலுக்குத் தெரியும்.

அவள் காலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"முட்டைப் பை கட்டி ரெண்டு நாள் ஆவுது," என்றாள். "இன்னும் எறும்புக்கு வாடை போகல. போயிட்டா என்னால ஒண்டியாச் சமாளிக்க முடியாது. அதைச் சொல்லி வைக்கேன், அவ்வளவுதான்."

"நாலே நாள்க்கா."

"நாளை எண்ணிக்கிட்டு நிக்காத. போறதுன்னாப் போ."

உப்பிலி குதித்து இறங்கினான். முதுகில் கால் இருந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது. மழையால் என்று நினைத்துக்கொண்டான்.

யானைப்பாறை ஒரு மனிதனுக்கு அரை மணி நடை. உப்பிலிக்கு இரண்டு நாள். ஓடை இரண்டு. பாம்பு ஒன்று. அதற்குப் பயந்து ஒரு முழு மத்தியானம் இலைக்கு அடியில் மூச்சைப் பிடித்துக் கிடந்தான். அப்போதெல்லாம் அவனை அறியாமல் முதுகைப் பின்னால் சாய்த்துப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

வழியில் பொந்து கண்ட இடமெல்லாம் எட்டிப் பார்த்தான். ஒரு வேங்கை மரத்தில் முழங்காலெல்லாம் ஆரஞ்சு நிறமான சிலந்தி இருந்தாள்.

"நீங்க நீலமா?" என்று கேட்டான்.

"கண்ணு தெரியுதுல்ல உனக்கு? பாத்துட்டுப் போ," என்றாள் அவள்.

மண் பொந்தில் ஒருத்தி செம்பு நிறம். காய்ந்த மூங்கிலில் ஒருத்திக்குச் சாம்பல் உடம்பில் எலுமிச்சை நிறப் பட்டை. எல்லாருமே அழகு. குட்டையில் போய்ச் சொன்னால் மாசானம் வாயடைத்துப் போவான். ஆனால் ஒவ்வொருத்தியைப் பார்த்ததும் உப்பிலிக்கு 'இவள் இல்லை' என்றுதான் தோன்றியது. எவள் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை யானைப்பாறையை அடைந்தான். பாறை இடுக்கில் ஒரு பொந்து. வாயில் பட்டுத் திரை தொங்கியது. பாதி கிழிந்திருந்தது. கிழிசலில் காய்ந்த இலை சிக்கியிருந்தது.

"ஆள் இருக்கா?" என்றான்.

பதில் இல்லை. உள்ளே நுழைந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொந்தில் முகத்தை உள்பக்கம் வைத்து நடந்தான்.

உள்ளே ஒரு சிலந்தி மல்லாக்கக் கிடந்தது. உப்பிலிக்கு உயிர் போய் வந்தது. பிறகு பார்த்தால் அது வெறும் தோல். சிலந்தி வளரும்போது சட்டையைக் கழற்றுகிற மாதிரி தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். இதுவும் எரிந்த காகிதம் மாதிரி நொறுங்கிப் போயிருந்தது. ஆனால் மேலே பாறை விரிசலில் இருந்து ஒரு கீற்று வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அது தோலின் ஒரு முழங்காலில் பட்டது. அந்த முழங்கால் நீலம்.

ஒரு கடுகளவு நீலம். அவ்வளவுதான். உப்பிலி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இங்கேதான் இருந்திருக்கிறாள். அவன் ஒரு வருடம் பிந்திவிட்டான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் தெரிந்ததைச் செய்தான். வாசலுக்கு வந்து, வெளியே பார்த்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் அந்தக் காலித் தோல். அப்படியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தான், அந்தத் தோலாவது ஒரு காலை எடுத்து முதுகில் வைக்காதா என்று. இன்னொன்றையும் கவனித்தான். அந்தப் பொந்து அவன் வீடு மாதிரியே மணத்தது. வீட்டு ஞாபகம் என்று நினைத்தான்.

அப்போது டொக், டொக், டொக் என்று சத்தம். வாசலுக்குப் பக்கத்தில் பாறையைத் தட்டிக்கொண்டு ஓர் ஆண் சிலந்தி நின்றது. மெலிந்த கால்கள். அதில் ஒரு காலைக் காணோம். பழுப்பு நிறம்.

"நான் சுடலை. உள்ள இருக்கியா?" என்றது அந்தச் சிலந்தி.

"யாரும் இல்லண்ணே. காலி வீடு," என்றான் உப்பிலி.

"எனக்கும் தெரியும். வாடை பழசு. இருந்தாலும் தட்டிப் பாத்துருவோம்னுதான்." சுடலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. "நாங்க ஆம்பளைங்க தட்டிக்கிட்டேதான் திரியணும் தம்பி. எங்களுக்கு ஒரே ஒரு மழைக்காலம்தான். அதுக்குள்ள தேடணும். போன மாசம் ஒரு வீடு கெடைச்சுது. நாங்கு மரம். மூணு தட்டு தட்டினேன், அவளும் மூணு தட்டு தட்டினா. அதுக்கப்புறம் எந்த வாசலும் மனசுக்குப் பிடிக்கல. அந்த வீட்டுக்கே திரும்பப் போகலாம்னு பாத்தேன். மழையில தடம் அழிஞ்சு போச்சு. அவ வாடையை மோந்துக்கிட்டே வந்தா இங்க கொண்டாந்து விட்டிருக்கு. இது அவளோட பழைய வீடு போல."

காட்டில் நாங்கு மரம் எத்தனையோ இருக்கிறது என்று உப்பிலி நினைத்தான்.

"அங்க ஒரு வாசல் தவளை உண்டு," என்றது சுடலை. "நான் நுழையும்போது திரும்பிக்கூடப் பாக்கல. நல்ல காவக்காரன். கொடுத்து வச்சவன்." பேசிக்கொண்டே ஒரு காலை நீட்டி உப்பிலியின் முதுகைத் தொட்டது. சட்டென்று நிறுத்தியது. "தம்பி. அவ வாடை உன் முதுகுல புதுசா இருக்கே."

"அது எங்க பேச்சியக்கா," என்றான் உப்பிலி. "நீங்க தேடறது வேற ஆளா இருக்கும்ணே. இது நீலச் சிலந்தி வீடு. எங்கக்கா கறுப்பு."

"நீலம்னா என்ன, கறுப்புன்னா என்ன? எனக்கு அதெல்லாம் தெரியாது. இந்த வீடும் அந்த வீடும் உன் முதுகும் ஒரே வாடை. அது மட்டும் தெரியும்."

தவளைக்கு மூளை சின்னது. விஷயம் உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. உப்பிலி திரும்பித் தோலைப் பார்த்தான். அந்தக் கடுகளவு நீலத்தைப் பார்த்தான். பேச்சி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: 'முன்ன பாறை வீட்டுல இருந்தேன்லே. தண்ணி புகுந்துச்சு. மாறி வந்துட்டேன்.' அன்றைக்கு அவன் வெளியே எறும்பைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்று மட்டும் சொல்லியிருந்தான்.

"அண்ணே, நான் போறேன்."

"என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

"நடப்பீங்களா?"

சுடலை எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் எழுந்தது. மற்றவை எழவில்லை. "இல்ல போல," என்றது. எழுந்த அந்த ஒரு காலையும் கீழே வைத்தது. "சரி. நான் இங்கயே இருக்கேன். அவ தோலாவது கிடக்குல்லா. நீ போய்ச் சொல்லு, நான் தட்டினேன்னு."

"எத்தனை தட்டு?"

"மூணு. அவளுக்குத் தெரியும்."

சுடலை ஊர்ந்து போய் அந்தத் தோலுக்குப் பக்கத்தில் கால்களை மடக்கிக்கொண்டது. உப்பிலி கிளம்பினான்.

இந்த முறை ஒரு பொந்தையும் எட்டிப் பார்க்கவில்லை. தாவினான், விழுந்தான், மறுபடி தாவினான். மறுநாள் மாலை, கீழே விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தான். எறும்பு. ஆயிரம் இருக்கும். அதற்குப் பின்னால் இன்னும் ஆயிரம்.

"எங்க போறீங்க?" என்று ஓரத்தில் போன எறும்பைக் கேட்டான்.

"நாங்கு மரத்துக்கு. புதுசா முட்டைப் பையாம். வாசல் காலியாம்."

"யார் சொன்னது?"

"கரிச்சான்தான். 'உப்பிலி நீலச் சிலந்தியைத் தேடிப் போயிட்டான், வாசல் காலி'ன்னு காடு பூராக் கத்திக்கிட்டுப் போச்சே. நீ எந்த ஊரு?"

உப்பிலி அந்த எறும்பைத் தின்றான். அடுத்த இருபதையும் தின்றான். கோடு குறையவே இல்லை. தின்று தீர்க்கிற வேலை இல்லை இது என்று புரிந்ததும் தாவ ஆரம்பித்தான். எறும்பு நிற்காது. அவனும் நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் உச்சி வேளையில் நாங்கு மரம் தெரிந்தது. மழை விட்டு ஒரு நாழிகை ஆகியிருந்தது. எறும்புதான் முந்திக்கொண்டது. பொந்து வாயில் கறுப்புக் கூட்டம் மொய்த்தது.

பேச்சி வெளியே வந்தாள்.

பகலில் வராதவள் வந்தாள். முட்டைப் பையை வாயில் கவ்வியிருந்தாள். கால்களில் எறும்பு தொங்கியது. பையின் ஓரம் கிழிந்து ஒன்றிரண்டு முட்டை சிந்தியது. மரத்தைப் பிடித்து இறங்கினாள். ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி இறங்கினாள். அப்போது மேகம் விலகியது. இலை இடுக்கு வழியே வெயில் நேராக அவள் மேல் விழுந்தது.

நீலம்.

கரிச்சான் சொன்னதெல்லாம் பற்றாது. ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகப் பற்றி எரிந்தது. அவள் காலைத் தூக்கினால் நீலம் மேலே போனது. வைத்தால் கீழே வந்தது. அந்தக் கால்தான் இத்தனை நாள் அவன் முதுகில் இருந்தது.

உப்பிலி மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. இதற்காகத்தானே போனான்.

ஆனால் எறும்பு வரிசை அவளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மழைச்சொட்டு இலையிலிருந்து கழன்று தரையைத் தொடுகிற நேரம் அவன் அந்த நீலத்தைப் பார்த்திருப்பான். அதற்கு மேல் பார்க்கவில்லை. ஒரே தாவாகத் தாவி, அவளுக்கும் எறும்புக்கும் நடுவில் வேர் மேல் விழுந்தான். அவளுக்கு முதுகைக் காட்டி, எறும்புக்கு முகத்தைக் காட்டி, உடம்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்தான்.

தின்றான். வயிறு வலிக்கிற வரை தின்றான். வலித்த பிறகும் தின்றான். எறும்பு அவன் மேல் ஏறிக் கடித்தது. அவன் தோலிலிருந்து வழிந்த பிசினில் ஒட்டிக்கொண்டு செத்தது. பின்னால் அவள் நடக்கிற சத்தம் கேட்டது. காய்ந்த இலை, ஈர இலை, பிறகு கல். சத்தம் தூரமாகப் போனது. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பவில்லை.

சாயந்திரம் மழை கொட்டியது. வரிசை கலைந்தது, எறும்பெல்லாம் தண்ணீரோடு போனது. அதற்குப் பிறகுதான் உப்பிலி திரும்பினான். கல் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி இல்லை.

அடுத்த நாளிலிருந்து தேட ஆரம்பித்தான். கரிச்சான் வந்தது.

"என்ன உப்பிலி, நீலத்தைப் பாத்தியா?"

"இல்ல," என்றான் உப்பிலி. தொண்டை படபடவென்று துடித்தது. அதைத் தொட்டுப் பார்க்க யாரும் இல்லை.

"பின்ன இப்ப எதைத் தேடுத?"

"எங்கக்காவை."

"அந்தக் கறுப்பையா? கறுப்பு எங்கயும்தான் கெடைக்கும். நீலத்தைத் தேடுலே."

உப்பிலி பதில் சொல்லாமல் தாவிப் போனான். அந்த நீலத்தைப் பற்றிக் கரிச்சானிடம் அவன் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

பொந்து பொந்தாகப் போனான். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் மூன்று தட்டு தட்டுவான். பிறகு முதுகை உள்ளே காட்டி உட்காருவான். இது ஆபத்தான வேலை. தெரியாத சிலந்திக்குத் தவளையும் இரைதான். முதல் பொந்தில் மரப்பல்லி இருந்தது, துரத்தியது. இரண்டாவதில் ஒருத்தி அவனைக் கவ்வியே விட்டாள்.

"த்தூ. எறும்பா மணக்க," என்று துப்பினாள். "தட்டிட்டு முதுகைக் காட்டுத, கிறுக்கா நீ?"

"வேற ஆள்னு நினைச்சேன்க்கா."

"அப்ப அங்க போய்ச் சாவு."

ஆறு நாள். பதினாலு பொந்து. ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். இப்போது கண்ணை மூடினால் நீலம் வரவில்லை. முதுகில் ஒரு கால் வைத்த மாதிரி இருக்கும். திறந்தால் இருக்காது.

பதினைந்தாவது பொந்து ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பலா மரத்தில். மத்தியான நேரம். உப்பிலி டொக், டொக், டொக் என்று தட்டினான். திரும்பி உட்கார்ந்தான். மழை பெய்தது. பாதி உடம்பு நனைந்தது. கிளம்பலாம் என்று எழுந்தபோது உள்ளே இருந்து மெதுவாகக் கேட்டது. டொக், டொக், டொக்.

அவன் அசையவில்லை. ஒரு கால் வந்து அவன் முதுகில் இறங்கியது. அப்படியே அவன் தொண்டை வரைக்கும் தடவிப் பார்த்தது.

"இந்தத் தட்டு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பேச்சி.

"சுடலைண்ணன் சொல்லச் சொன்னாரு. உன் பழைய வீட்டுல இருக்காரு. நடக்க முடியல."

பேச்சி இன்னொரு காலால் முட்டைப் பையைத் தடவினாள். பிறகு, "முட்டை நாப்பது போச்சு. மிச்சம் இருக்கு," என்றாள்.

"என்னாலதான்க்கா."

"ஆமா. உன்னாலதான்."

அவள் காலை எடுக்கவில்லை. அவனும் நகரவில்லை. ஓடை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போனேன்க்கா. அங்கயே இருந்துரலாம்னு."

"தெரியும்."

"அக்கா. நீ நீலம்."

"அப்படின்னா?"

உப்பிலி யோசித்தான். எப்படிச் சொல்வது? வானம் என்றால் அவளுக்குத் தெரியாது. மயில் என்றால் தெரியாது. "ஒண்ணும் இல்லக்கா," என்றான்.

"ஒண்ணும் இல்லேன்னா விடு. எறும்பு வருதா பாரு."

பார்த்தான். இரண்டு வந்துகொண்டிருந்தது, தின்றான். மழை விட்டு வெயில் வந்தது. வாசல் வரைக்கும் வந்தது, உள்ளே கொஞ்சம் போயும் இருக்கலாம். அவனுக்குப் பின்னால், ஒரு விரற்கடைத் தூரத்தில், அந்த நீலம் இப்போது எரிந்துகொண்டிருக்கலாம். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவன் உடம்பெல்லாம் துடித்தது. அந்தத் துடிப்பும் அவள் காலுக்குத் தெரிந்திருக்கும். அவன் வெளியே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

நம் முதுகைத் தொட்டுக்கொண்டே கூட இருப்பவர் யார் என்று ஒரு நாளாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தூரத்தில் போய்த் தேடினால், அவரைக் கண்ணால் காண்கிற நாளும் அவர் நம் கையை விட்டுப் போகிற நாளும் ஒன்றாகிவிடும்.